கோட்டுக்கு மூன்று கஜம்

கதவைச் சாத்துங்கள். விளக்கையும் கொஞ்சம் தாழ்த்துங்கள்... போதும். பசிக்கிறது என்று யாரும் முனக வேண்டாம். நாளைக்கு ஆட்டம் இருக்கிறது, ஆப்பிள் பை கிடையாது. அதற்குப் பதிலாக இதைக் கேளுங்கள்.

இது வின்ஃபீல்டின் தாய்மாமனுக்கு நடந்தது. வின்ஃபீல்ட் இதே விடுதியில் நாலு வருடம் என் அறையில் இருந்தவன். பொய் சொல்லத் தெரியாதவன், அதனாலேயே சீட்டாட்டத்தில் எப்போதும் தோற்பவன். அவன் மாமா பெயர் ஏமஸ் ட்ருவாக்ஸ். நம் கார்வில் கல்லூரிக்கு முதன்முதலாக இந்த அமெரிக்கக் கால்பந்தாட்டத்தைச் சொல்லிக்கொடுக்க வந்த கோச் அவர்தான்.

மாலை ஐந்தரை மணி. நவம்பர் கடைசி. நம் அயோவாவில் அந்த நேரத்துக்கு நன்றாக இருட்டிவிடும். ஊரிலிருந்து வடக்கே போகும் மண் சாலையில் ஒரே ஒரு குதிரை வண்டி. இரண்டு பக்கமும் அறுத்துவிட்ட சோளக்கொல்லை. காய்ந்த தட்டைகள் காற்றில் உரசிக்கொண்டிருந்தன... சர்... சர்... வேறு சத்தம் இல்லை. வண்டியில் ட்ருவாக்ஸ் மட்டும். பக்கத்தில், கம்பளியில் சுற்றி, ஒரு பந்து.

அவருக்கு அப்போது நாற்பது வயது. காளைக் கழுத்து. இரண்டு தடவை உடைந்து இரண்டு தடவையும் கோணலாகவே கூடிய மூக்கு. பயம் என்றால் என்னவென்று தெரியாத மனுஷன் என்று ஊரில் பேச்சு.

பாதி வழியில் அந்தச் சத்தம் கேட்டது. ஸ்ஸ்ஸ்...

பந்திலிருந்து காற்று இறங்குகிறது என்று நினைத்தார். மேலே தோல், உள்ளே ரப்பர் பை. இரண்டு நாளில் காற்று இறங்குவது சகஜம்தான். வண்டியை ஓட்டிக்கொண்டே போனார். மறுபடி கேட்டது. இந்தத் தடவை வேறு மாதிரி... விடுகிற சத்தம் இல்லை. இழுக்கிற சத்தம்.

பந்து காற்றை விடும். இழுக்காது.

வண்டியை நிறுத்தினார். குதிரையின் காதுகள் இரண்டும் பின்னால் மடிந்திருந்தன. கம்பளியை விலக்கிப் பந்தை அமுக்கிப் பார்த்தார். கல்லாக இறுகியிருந்தது. கை விறைக்கிற குளிரில் அந்தத் தோல் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. விரலை மூக்கருகே கொண்டுபோனார்... கிராம்பு வாசனை.

சனிக்கிழமை அந்தப் பந்தை ஊதியவன் நெல்ஸ் ஹோவ்லாண்ட். அந்தக் காலத்தில் பம்பு எல்லாம் இல்லை. ரப்பர் பையை வாயால் ஊதி, அதன் கழுத்தை நூலால் கட்டி, தோலுக்குள் திணித்து, வாரை இறுக்க வேண்டும். அணியில் யாருக்கு நுரையீரல் பெரிதோ அவன்தான் ஊதுவான். ஆட்டம் முடிந்ததும் பந்தின் மேல் வெள்ளைச் சாயத்தில் யாருக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கை எழுதி, ஊதியவன் வீட்டுக்கே கொடுத்துவிடுவார்கள். நெல்ஸுக்குப் பத்தொன்பது வயது. நார்வேயிலிருந்து வந்து குடியேறிய விவசாயி வீட்டுப் பிள்ளை. கடைவாயில் சொத்தைப் பல். எந்நேரமும் ஒரு கிராம்பை ஒதுக்கிக்கொண்டு திரிவான். பதினொரு பேர் மேலே விழுந்தால் பயமில்லை, பல் டாக்டரின் குறடைக் கண்டால் பயம் என்று பையன்கள் அவனை ஓட்டுவார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

உங்களுக்கெல்லாம் தலைக்கவசம் இருக்கிறது. அவர்களுக்கு வளர்த்துவிட்ட தலைமுடிதான் கவசம். உங்களுக்கு முட்டி தரையில் பட்டாலே நடுவர் விசில் ஊதிவிடுகிறார். அன்றைக்கு அப்படி இல்லை. பந்தை அணைத்துக்கொண்டு ஓடுகிறவன் தன் வாயால் ‘விழுந்தேன்’ என்று கத்த வேண்டும். அவன் கத்தும்வரை பந்துக்கு உயிர் உண்டு. இழுக்கலாம், தள்ளலாம், மேலே விழுந்து அமுக்கலாம். கத்திவிட்டால் எல்லாரும் விலகிவிட வேண்டும். அவ்வளவுதான் விதி.

ட்ருவாக்ஸ் வந்த முதல் நாளே பையன்களை வரிசையாக நிறுத்தினார்.

“என் அணியில அந்த வார்த்தைய எவனும் சொல்லக் கூடாது. மேல பத்துப் பேர் கெடந்தாலும் சரி, மலையே கெடந்தாலும் சரி. சொல்றவன் வீட்டுக்குப் போய்க் கோழிக்குத் தீனி போடலாம்.”

யாரும் சொல்லவில்லை. ஒரு பருவம் முழுக்க கார்வில் பையன்கள் வாயைத் திறக்கவில்லை. பெரிய பெரிய கல்லூரிகள் எல்லாம் நம்மைக் கண்டு நடுங்கின.

அந்தச் சனிக்கிழமை கிராண்டன் கல்லூரியோடு ஆட்டம். இருட்டப் போகிறது. எதிராளியின் எல்லைக் கோட்டுக்கு இன்னும் மூன்றே கஜம், பந்தை அதைத் தாண்டி வைத்துவிட்டால் புள்ளி நமக்கு. பந்து நெல்ஸிடம். அவன் தலையைத் தாழ்த்திக்கொண்டு உள்ளே புகுந்தான்... மேலே ஆட்கள் விழுந்தார்கள். இன்னும் விழுந்தார்கள். குவியல் அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. எல்லாரும் அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள். வரவில்லை. வராததால் கிராண்டன் ஆட்கள் அமுக்கிக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் செய்தது விதிப்படி சரிதான். ஓரத்தில் நிற்கும் கோச் ஒரு வார்த்தை பேசினாலும் அது குற்றம் என்பதும் அன்றைய விதி. ட்ருவாக்ஸ் நின்றார். பேசவில்லை.

கடைசியில் நடுவருக்கே ஏதோ சரியில்லை என்று பட்டு, ஆட்களை ஒவ்வொருவராகப் பிடித்து இழுத்தார். அடியில் நெல்ஸ். முகம் எல்லைக் கோட்டைப் பார்த்து. கைகள் பந்தைச் சுற்றி. வாய் இறுக மூடியிருந்தது.

ஆட்டம் அங்கேயே நின்றுபோனது. திங்கள் காலை அடக்கம். கல்லூரித் தலைவர் டாக்டர் ப்ரூயிட், மறைபோதகரும் அவர்தான், குழிக்கு முன்னால் நின்று முக்கால் மணி நேரம் பேசினார். இது மிருகங்களின் ஆட்டம், களத்துக்குச் சங்கிலி போட்டாகிவிட்டது, புதன்கிழமை உழுதுவிடுவோம், கோச்சுக்கு இன்றோடு வேலை இல்லை. எல்லாவற்றையும் சவப்பெட்டியை வைத்துக்கொண்டே சொன்னார். நான் அந்த ஆளைப் பார்த்ததுகூடக் கிடையாது, ஆனாலும் இதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குப் பிடிக்காது.

அன்று மாலைதான் ட்ருவாக்ஸ் கணக்கு எழுதாத அந்தப் பந்தோடு நெல்ஸ் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். மீதி வழி முழுக்க அவர் பந்தின் பக்கம் திரும்பவில்லை. காதைத்தான் மூட முடியவில்லை. உள்ளே... வெளியே... உள்ளே...

நெல்ஸின் அம்மா குன்ஹில்ட் அடுப்பில் உருளைக்கிழங்கு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். அடக்கம் செய்த அன்றும் அடுப்பைப் பற்றவைக்கத்தானே வேண்டும். நாற்காலியைக் காட்டினாள். அவர் உட்காரவில்லை.

“கடைசியா என்ன சொன்னான்?” என்றாள்.

“ஒண்ணும் சொல்லலம்மா.”

“சொல்லியிருந்தா விட்டிருப்பாங்கதானே?”

“விட்டிருப்பாங்க.”

“சொல்லக் கூடாதுன்னு யாரு சொல்லிக்குடுத்தது?”

ட்ருவாக்ஸ் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார். “நான்தான்.”

அவள் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். “முன்னால பாத்து விழுந்தானா, பின்னால பாத்தா?”

“முன்னால பாத்து.”

“அவன் அப்பா மாதிரியே வீம்பு” என்றாள்.

அவர் கம்பளியை விலக்கிப் பந்தை மேசைமேல் வைத்தார். அடுப்பு படபடவென்று எரிந்துகொண்டிருந்தது. அதையும் மீறிக் கேட்டது... ஸ்ஸ்... ஸ்ஸ்... குன்ஹில்ட் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள். குனிந்தாள். பந்தின் மேல் காதை வைத்தாள். அவள் கத்துவாள் என்று ட்ருவாக்ஸ் நினைத்தார். அவள் கத்தவில்லை.

“இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம் பத்தொன்பது வருசம் தூங்கின புள்ள. அவன் தூங்குற மூச்சு எனக்குத் தெரியும். இது தூங்குற மூச்சு இல்ல.” நிமிர்ந்தாள். “மூச்சு வாங்குறான். மேல ஆளுங்க இன்னும் கெடக்கிறாங்க.”

ட்ருவாக்ஸ் மேசையிலிருந்து ஒரு அடி பின்னால் நகர்ந்தார். அந்த மனுஷனுக்குப் பயம் தெரிந்தது அன்றைக்குத்தான்.

“எடுத்துட்டுப் போங்க. நீங்க போட்ட உத்தரவு, நீங்களே எடுங்க. நான் சொன்ன பேச்ச ஒரு நாளும் கேக்காத பய... உங்க பேச்சத்தான் இப்படிக் கேட்டிருக்கான்.”

ஒரு கோப்பை காப்பி ஊற்றி வைத்திருந்தாள். அவர் அதைத் தொடாமலேயே கிளம்பினார்.

கல்லூரிக் களத்துக்கு வந்தபோது வாசலில் சங்கிலி தொங்கியது. உள்ளே ஓரத்தில் ஒரு கலப்பை தயாராக நின்றது. எதிர் வீடுதான் டாக்டர் ப்ரூயிட்டுடையது; வண்டிச் சத்தம் கேட்டு அரிக்கேன் விளக்கோடு வந்துவிட்டார்.

“உள்ள உங்களுக்கு வேலை ஒண்ணும் இல்ல, ட்ருவாக்ஸ். காலையிலேயே உங்க வேலை போயாச்சு.”

“போன வேலைய மறுபடியும் பிடுங்க முடியாதே, டாக்டர். நகருங்க.”

“அந்தப் பந்தக் குடுங்க. கல்லூரிச் சொத்து அது.”

“ஆட்டத்துல இருக்கிற பந்து. நடுவர்கூடத் தொட முடியாது.”

“ஒரு புள்ளையப் புதைச்சிட்டு வந்திருக்கோம், மனசாட்சி இருக்கா உங்களுக்கு?”

“நீங்க புதைச்சிட்டு வந்தீங்க” என்றார் ட்ருவாக்ஸ். “அவன் இன்னும் இங்கதான் அடியில கெடக்கிறான்.”

பந்தை மேல்சட்டைக்குள் திணித்துக்கொண்டு வேலியில் ஏறிக் குதித்தார். டாக்டர் பின்னாலேயே ஏறிக் குதிக்கிற ஆள் இல்லை. விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேலியோரம் நின்றார். அதனால்தான் இந்தக் கதைக்கு ஒரு சாட்சி கிடைத்தது.

களம் முழுக்கச் சேறு. சுண்ணாம்புக் கோடுகள் பாதி கரைந்து கிடந்தன. நெல்ஸ் விழுந்த இடத்தில் ஒரு பள்ளம் அப்படியே இருந்தது, அதில் கொஞ்சம் தண்ணீர். ட்ருவாக்ஸ் மண்டியிட்டார். பந்தைப் பள்ளத்தில் வைத்தார்.

“நெல்ஸு. போதும்ப்பா. சொல்லிடு... நான்தான் சொல்றேன், சொல்லிடு.”

மூச்சு நின்றது.

காற்றும் நின்றது. அவர் காத்திருந்தார். சொல்லிவிடுவான் என்று நம்பினார்... பிறகு அது மறுபடி ஆரம்பித்தது. முன்னைவிட வேகமாக. முன்னைவிடச் சிரமமாக.

அவருக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. முதலில் அந்தப் பையன்மேல். அப்புறம் தன்மேல். ஒரு பருவம் முழுக்க இதைத்தானே ஊட்டி ஊட்டி வளர்த்தார். இப்போது போய் வேண்டாம் என்றால் எப்படிக் கேட்பான்?

“சரி” என்றார். “நீ சொல்ல மாட்ட. அப்ப நானும் வரேன்.”

பந்தை எடுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஒரு அடி வைத்தார்.

முதுகில் ஒன்று விழுந்தது.

கல்லும் இல்லை, கட்டையும் இல்லை. ஆள். முழங்கை, முழங்கால், நெஞ்செலும்பு எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தது. அடுத்து இன்னொருவன். இன்னொருவன். முகம் சேற்றில் புதைந்தது. மூக்கில் வியர்வை நாற்றம், தைல நாற்றம், நனைந்த கம்பளி நாற்றம். காதோரம் பல பேர் முனகினார்கள். விலா எலும்பு ஒன்று முறிந்தது... மடக். இன்னொன்றும். வாயில் மண். மூச்சு இழுக்க இடமில்லை.

வேலியோரம் நின்ற டாக்டர் ப்ரூயிட் இதில் ஒன்றையும் பார்க்கவில்லை. அவர் பார்த்தது ஒற்றை ஆளை. குப்புறக் கிடக்கும் ஒற்றை ஆள், யாரும் தொடாமலே சேற்றுக்குள் அமிழ்ந்துகொண்டிருந்தான். மேல்சட்டையின் முதுகுத் துணி இங்கே ஒரு பள்ளம், அங்கே ஒரு பள்ளம் என்று உள்ளே போயிருந்தது. கை வைத்து அமுக்கினால் அமுங்குமே, அப்படி. அமுக்குகிற கைகளைத்தான் காணவில்லை.

ட்ருவாக்ஸுக்கு அப்போதுதான் புரிந்தது, அடியில் கிடக்கிறவனுக்கு என்ன தெரியும் என்று. ஒரு வார்த்தை. சொன்னால் போதும், எல்லாரும் எழுந்துவிடுவார்கள். மேலே காற்று இருக்கிறது, வானம் இருக்கிறது. அந்த வார்த்தை தொண்டைக்கு வந்தது. பல்லுக்கு வந்தது. வாயைத் திறந்துவிட்டார்.

கன்னத்தோடு கன்னமாக, யாரோ மூச்சு விட்டார்கள். கிராம்பு வாசனை.

“சொல்லாதீங்க, கோச்.”

வாயை மூடினார். வலது முழங்கையை முன்னால் போட்டார். உடம்பை இழுத்தார். இடது முழங்கை. இழுத்தார். அவருக்குப் பக்கத்தில் இன்னொரு உடம்பு அதேபோல் இழுபடுவது தெரிந்தது. மூன்று கஜம்தான், நீங்களெல்லாம் ஒரே பாய்ச்சலில் தாண்டுவீர்கள். அவருக்கு அது முடிகிறபோது நிலா தலைக்குமேல் வந்திருந்தது. பந்தைக் கரைந்துபோன அந்தச் சுண்ணாம்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்து அழுத்தினார்.

ஹா... என்று ஒரு நீண்ட மூச்சு. வேலியோரம் வரைக்கும் கேட்டது. பாரம் சட்டென்று போனது. கைக்கு அடியில் பந்து சூம்பிப்போய்க் கிடந்தது.

டாக்டர் இதை மனைவியிடம் மட்டும்தான் சொன்னார். அடுத்த நாள் மதியத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ட்ருவாக்ஸுக்குக் கட்டுப் போட்ட வைத்தியர் கேட்டது ஒரே கேள்வி: “மேல விழுந்தது எத்தன பேரு?” புதன்கிழமை உழ வந்தவனை டாக்டர் ப்ரூயிட்டே வாசலில் நின்று திருப்பி அனுப்பினார். காரணம் சொல்லவில்லை. அடுத்த வருடம் ட்ருவாக்ஸ் களத்துக்கு வந்து நின்றார். வேலைக்கு யாரும் கூப்பிடவில்லை. போ என்று சொல்லவும் யாருக்கும் வாய் வரவில்லை.

அதற்கப்புறம் அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் வேறு. புதுப் பையன்களைக் களத்தின் நடுவில் நிறுத்தி, ‘விழுந்தேன்’ என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தச் சொல்வார். “வெக்கப்படாம கத்துங்கடா. உயிரோட திரும்பிப் போய்க் கோழிக்குத் தீனி போடுங்க.” எதிரணிக்காரர்கள் கைகொட்டிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வாயால் சொல்லாவிட்டாலும் நடுவர் விசில் ஊத வேண்டும் என்று விதியை மாற்றக் கேட்டு ஊர் ஊராகப் போய்ச் சண்டை போட்டார். இரண்டு கூட்டங்களில் அவரைக் கையைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். மூன்றாவது கூட்டத்துக்கும் போனார். அவர் பையன்களில் ஒருவன்கூடக் களத்தில் சாகவில்லை. ஆனால் குன்ஹில்ட் வீட்டு வாசலைத் தாண்டும்போதெல்லாம் அவர் தொப்பியைக் கழற்றாமல் போனதில்லை. நெல்ஸ் செத்தது தன்னால்தான் என்பதை அவர் ஒரு நாளும் மறக்கவில்லை, யாரையும் மறக்க விட்டதுமில்லை.

காற்றுப் போன பந்தை அவர் குன்ஹில்டிடமே கொடுத்திருந்தார். அவள் சாகும்போது அதை ட்ருவாக்ஸுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். அவர் அதைத் தன் மாடி அறைச் சுவரில் ஒரு ஆணியில் மாட்டிவைத்தார். காய்ந்த பழத்தோல் மாதிரி வருடக்கணக்கில் அங்கேயே தொங்கியது.

போன ஜனவரியில் அவருக்கு நிமோனியா. எண்பத்தைந்து வயதுக்குமேல் ஆகிவிட்டது. பக்கத்தில் இருந்தவன் வின்ஃபீல்ட் மட்டும். அறையில் வின்டர்கிரீன் தைல வாசனை. எத்தனையோ வருடம் பையன்களின் சுளுக்குக்குத் தேய்த்துத் தேய்த்து அது அவர் உடம்பிலேயே ஊறிப்போயிருந்தது. மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. விடியும் நேரத்தில் கண்ணைத் திறந்தார்.

“போதும்டா” என்றார். “மேல நெறைய பேரு... நான் சொல்லிடறேன்.”

“சொல்லுங்க மாமா” என்றான் வின்ஃபீல்ட்.

அவர் வாயைத் திறந்தார். “விழு...”

அறையில் கிராம்பு வாசனை வந்தது. அவர் வாய் மூடிக்கொண்டது. அவராக மூடவில்லை, உதடுகள் உள்ளே அமுங்கி, பல்லோடு ஒட்டி, மோவாய் மேலே போனது என்று வின்ஃபீல்ட் சொல்கிறான். கண்கள் மட்டும் திறந்திருந்தன. அதில் பயம் இல்லையாம். முதலில் கோபம். அப்புறம்... சிரித்த மாதிரி இருந்ததாம். மூச்சு நின்றது.

வின்ஃபீல்ட் துணியை நனைத்து முகத்தைத் துடைத்தான். துணியில் கறுப்பாக ஏதோ வந்தது. விளக்கைக் கிட்டே கொண்டுவந்தான். உதட்டின் குறுக்கே நான்கு விரல் தடம். ஈரச் சேறு. அது ஜனவரி மாதம். வெளியே மண் கடப்பாரை இறங்காத அளவுக்கு உறைந்து கிடந்தது. அயோவா முழுக்கத் தேடினாலும் ஒரு கை ஈரச் சேறு கிடைத்திருக்காது.

பின்னால் ஆணி கிரீச்சிட்டது. திரும்பினான்.

பந்து இறுகிப்போய்த் தொங்கியது. வார் தெறிக்கிற மாதிரி இழுபட்டிருந்தது. எடுத்தான். வெதுவெதுப்பாக இருந்தது. முகர்ந்தான்... கிராம்பு இல்லை. வின்டர்கிரீன்.

மேசையின் நடுவில் வைத்தான். உள்ளே... வெளியே... உள்ளே... அவன் குனிந்து, அழுதுகொண்டே, “மாமா, போதும் மாமா. சொல்லிடுங்க” என்றான்.

மூச்சு ஒரு கணம் நின்றது.

பிறகு, சமமான அந்த மேசையில், யாரும் தொடாமல், பந்து ஒரு சாண் உருண்டது. ஜன்னல் பக்கமாக. அந்த ஜன்னலுக்கு வெளியே தெரிவது நம் களம்... நாளைக்கு நீங்கள் இறங்கப்போகிற களம்தான். பந்து பின்னால் உருளவில்லை. முன்னால்தான் போனது.